மூன்றாம் வரிசையில் யாரை அமர்த்தப் போகிறோம்?

மேல்விஷாரத்தில் ஏழு பேர் அமரும் வாகனம் ஆடம்பரம் அன்று என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. பெற்றோர், மக்கள், பேரப்பிள்ளைகள் என ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகள் இங்கு இன்னும் இருக்கின்றன. ஆம்பூரில் ஒரு நிக்காஹ், வாணியம்பாடியில் ஒரு ஜனாஸா, வேலூரில் மருத்துவர், சென்னையில் தோல் வணிக அலுவல் என்று நெடுஞ்சாலையில் ஏறாத வாரம் குறைவு. ஆகவே மூன்று வரிசை வாகனம் வேண்டுமா என்று நாம் இங்கே கேட்கவில்லை. எதை, எதற்காக, எந்தப் பணத்தில் வாங்குகிறோம் என்பதையே கேட்கிறோம்.

நம் ஊர்ப் பேச்சில் அடிக்கடி அடிபடும் இரு பெயர்கள் ஹூண்டாய் அல்கசார், டாடா சஃபாரி. இரண்டின் இன்றைய தலைமுறையும் 2021ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. அல்கசார் நம் வாசல் வழியே செல்லும் அதே சென்னை–பெங்களூரு சாலையின் ஓரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் உருவாகிறது. சஃபாரி என்ற பெயரோ 1998 முதல் நாம் அறிந்தது. இன்னோவாவை ஏன் விட்டீர்கள் என்று கேட்போர்க்கு ஒரு சொல்: புதிய ஹைகிராஸில் டீசல் இல்லை, விலையும் வேறு படியில் நிற்கிறது. அதைத் தனியே எழுத வேண்டும்.

முதலில் அகலம். அல்கசார் 1800 மில்லிமீட்டர், சஃபாரி 1922. இடைவெளி 12 சென்டிமீட்டர்தான். ஆனால் பள்ளிவாசலை ஒட்டிய பழைய தெருக்களில் இருபுறமும் இருசக்கர வாகனங்கள் நிற்க, எதிரே ஆட்டோ வர, அந்த 12 சென்டிமீட்டர் பெரிது. ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியேறும் வேளையில் பாதையை அடைத்து நிற்கும் வாகனத்தின் உரிமையாளர், அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமையையும் சேர்த்தே மறக்கிறார். காட்சியகம் செல்லுமுன் நாடாவை எடுத்துக்கொண்டு தம் தெருவையும் வாயிற்கதவையும் அளப்பது நலம்.

எரிபொருளில் அல்கசார் முந்துகிறது. கைமுறைக் கியர் கொண்ட டீசல் வகைக்கு லிட்டருக்கு 20.4 கிலோமீட்டர் என்று நிறுவனம் கூறுகிறது; சஃபாரிக்கு 16.3. சாலையில் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் தரும். எனினும் மாதம் 1500 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு இந்த வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 ரூபாய். மறுபுறம், சஃபாரியின் 2 லிட்டர் எஞ்சின் 170 குதிரைத்திறன் கொண்டது, அல்கசாரின் 1.5 லிட்டர் டீசல் 116. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறிய பின் லாரியை முந்த முயலும்போது இந்த வேறுபாடு தெரியும். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து தோல் பதனிடும் தொழிற்கூடத்திற்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் டீசல் வாகனத்தில், புகைக்கரியைத் தேக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதற்கு அவ்வப்போது நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. ஊருக்குள் மட்டும் சுற்றும் குடும்பத்திற்கு அல்கசாரின் பெட்ரோல் வகையே பொருத்தம்.

இப்போது தலைப்புக்கு வருவோம். சஃபாரி 2023 டிசம்பரில் பாரத் என்கேப் சோதனையில் பெரியவர், குழந்தை ஆகிய இரு பிரிவுகளிலும் 5 நட்சத்திரம் பெற்றது. பெரியவர் பாதுகாப்பில் 32க்கு 30.08, குழந்தை பாதுகாப்பில் 49க்கு 44.54. அல்கசாரின் அடித்தளமான கிரெட்டா 2022இல் குளோபல் என்கேப் சோதனையில் 3 நட்சத்திரமே பெற்றது. அது இரு காற்றுப்பைகள் மட்டும் கொண்ட பழைய வகை என்பதையும், இன்றைய அல்கசாரின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகள் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் அந்த நட்சத்திரங்கள் மூன்றாம் வரிசையைப் பற்றிப் பேசவில்லை. சோதனையில் வாகனம் முன்புறமும் பக்கவாட்டிலும் மோதப்படுகிறது. குழந்தைப் பொம்மைகள் நடுவரிசையில் வைக்கப்படுகின்றன. பின்னாலிருந்து லாரி மோதினால் என்ன ஆகும் என்பதற்கு மதிப்பெண் இல்லை. குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கிகளும் நடுவரிசையில்தான் உள்ளன. நாமோ, மூத்தோர்க்கு மரியாதை என்று அவர்களை நடுவில் அமர்த்தி, பிள்ளைகளைப் பின்கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னே குவித்து வைக்கிறோம். மூவர், நால்வர், வார்ப்பட்டை இல்லாமல். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே இறந்தபோது விலையுயர்ந்த வாகனத்தின் பின்னிருக்கையில்தான் இருந்தார். அவர் வார்ப்பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை கூறியது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்த நபிமொழியை மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். பயண துஆ ஓதி முடித்த கையோடு பிள்ளையின் பட்டையைப் பூட்டுவது அந்த நபிமொழிக்குச் செய்யும் அமல் அன்றி வேறென்ன? நம் கருத்தில், கைக்குழந்தை நடுவரிசைக்கு உரியது. பின்வரிசை, ஏறி இறங்க இயலும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் உரியது. முழங்கால் வலியுள்ள பாட்டியார் முன்னிருக்கைக்கு வரட்டும். குடும்பத் தலைவர் பின்னே போகட்டும்.

பணத்தைப் பற்றி. இவ்விரண்டில் நல்ல வகை ஒன்றைச் சாலைக்குக் கொண்டுவர 20 லட்சம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி இரண்டின் மீதும் ஒரே 40 விழுக்காடு ஜிஎஸ்டி என்றாகிவிட்டதால், முன்பு சஃபாரி போன்ற பெரிய எஞ்சின்கள் சுமந்த கூடுதல் வரி இப்போது இல்லை. ஆனால் 15 லட்சத்தை 9 விழுக்காட்டில் ஏழாண்டுக் கடனாக எடுப்பவர் மாதம் 24,000க்கு மேல் கட்டி, முடிவில் வட்டியாக மட்டும் 5 லட்சத்து 27 ஆயிரம் தருகிறார். வட்டியின் விலக்கல் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லோரும் வாங்குகிறார்களே என்பது ஒரு விடையாகாது என்பதை மட்டும் சொல்கிறோம். கையில் 12 லட்சம் இருந்தால் 12 லட்சத்துக்குரிய, நன்கு பராமரிக்கப்பட்ட பழைய வாகனமே நம் வாகனம். அதற்கெனச் சேர்க்கும் தொகை நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் ஜகாத் கணக்கையும் ஆலிமிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

பெண் வீட்டாரின் சீர் என்ற பெயரில் இவ்வாகனங்களை எதிர்பார்ப்போர் இக்கட்டுரையை மேலே படிக்க வேண்டியதில்லை. கைக்கூலிக்கு நான்கு சக்கரம் பூட்டினாலும் அது கைக்கூலியே.

கையில் பணம் உண்டு, குடும்பம் பெரிது, தெரு அகலம், பாதி ஓட்டம் நெடுஞ்சாலை என்றால் சஃபாரியை எடுக்கலாம் என்பதே நம் சாய்வு. மோதல் சோதனைச் சான்றுதான் காரணம். குறுகிய தெருவில் வாழ்ந்து, பின்வரிசையை ஈத் நாட்களிலும் திருமண நாட்களிலும் மட்டும் விரிப்போர்க்கு அல்கசார் போதும். அதற்கு நட்சத்திரச் சான்று வந்துள்ளதா என்று முன்பணம் கட்டுமுன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மூன்று வரிசையும் விரித்தால் அதில் பொருள் வைக்க மிஞ்சுவது 180 லிட்டர். சஃபாரியில் அதுவும் இல்லை. ஏழு பேரும் ஏழு பெட்டிகளும் ஒருங்கே செல்வது இரண்டிலும் நடவாது. சோதனை ஓட்டத்திற்கு ஆண்கள் மட்டும் போகாமல் வீட்டுப் பெண்களையும் பெற்றோரையும் அழைத்துச் சென்று, ஒவ்வொருவரையும் பின்வரிசையில் ஏறி, அரை மணி நேரம் அமர்ந்து, இறங்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் பொறுமை இழந்தால் இழக்கட்டும்.