ஒருமுறை மலேரியா வந்தவருக்கு மீண்டும் வருமா?

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்திய அரசின் இலக்கு. புதுச்சேரியின் குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் வாழ்வோர் இவ்வேளையில் அறிய வேண்டியது ஒன்று உண்டு: நோய் குறையக் குறைய, அதற்கு எதிரான உடலின் ஆற்றலும் குறைகிறது.

கொசுக்கடியால் நுழையும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலை அடைகிறது. அங்குத் தொற்றுக்குள்ளான செல்களை டி செல்கள் அழிக்கின்றன. தப்பியவை இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுகின்றன. அவற்றைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் பி செல்கள் வழியே உருவாகின்றன. பாதிக்கப்பட்ட சிவப்பணுக்களை மண்ணீரலின் விழுங்கணுக்கள் அகற்றுகின்றன.

ஆயினும் இப்பாதுகாப்பு முழுமையானதன்று. பலமுறை தொற்று ஏற்பட்டவருக்கே அது ஓரளவு அமைகிறது. மலேரியா இல்லாத ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்தால் மங்கிவிடும். 2016-இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்ற இலங்கை, வெளிநாட்டிலிருந்து திரும்புவோரை இன்றும் கண்காணிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, முன்பே மலேரியா வந்துவிட்டது என்று காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் இருத்தல் கூடாது. மலேரியா பரவும் பகுதிக்குச் சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், தாமதமின்றி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பயண விவரத்தையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் நோயைத் தரக்கூடும். ஆகவே, காய்ச்சல் தணிந்த பின்னும் மருத்துவர் குறித்த நாள்வரை மாத்திரைகளை நிறுத்தாமல் உட்கொள்வது இன்றியமையாதது.