வீட்டுத் தோட்டம்: மாமியார் வைத்த மல்லிகை

அரியமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற மாமியார் 12 ஆண்டுகளுக்கு முன் கொல்லையில் வைத்த குண்டு மல்லி, இப்போது மதிலைத் தாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். இலைக்குக் குறைவில்லை, பூதான் சென்ற பங்குனியில் ஒரு கைப்பிடி கூடத் தேறவில்லை. "பிடுங்கிப் போட்டுவிட்டு ரோஜா வைக்கலாம்" என்கிறாராம் அவருடைய கணவர். சகோதரிக்கு மனம் வரவில்லை. "மாமியார் கை பட்ட செடி, இதுவரை ஒரு கொம்பைக் கூட நான் ஒடித்ததில்லை" என்று எழுதுகிறார்.

அம்மா, வியாதி அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது! மல்லிகை அரும்பு கட்டுவது புதிதாகத் துளிர்த்த கிளையின் நுனியில். பழைய கொம்பு நீண்டுகொண்டே போனால், வேர் உறிஞ்சும் சத்தெல்லாம் கொம்புக்கும் இலைக்குமே சரியாய்ப் போகிறது. ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்குப் பூ அனுப்பும் எட்டரை, கோப்பு முதலிய கிராமத்துக் குடியானவர்கள் ஆண்டுக்கொரு முறை கவாத்துச் செய்யத் தவறுவதில்லை. அவர்களுக்குச் செடியிடம் பிரியம் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரோஜாவை விரும்பும் கணவரிடமும் ஒரு வார்த்தை: ரோஜாவுக்கும் ஆண்டுதோறும் கத்திரி வேண்டும். வெட்ட மனமில்லாத வீட்டில் அதுவும் முள்ளாகத்தான் வளரும்.

கவாத்துக்குக் காலம், ஐப்பசி மழை ஓய்ந்தபின், கார்த்திகைப் பிற்பாதியும் மார்கழியும். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பிறகு நல்ல கூரான கத்திரியால், தரையிலிருந்து முழங்கால் உயரம், அதாவது ஒன்றரை அடி விட்டு, மேலே உள்ளதை எல்லாம் ஒரே சீராக வெட்டிவிடலாம். மொண்ணைக் கத்தி கூடாது. கொம்பு பிளந்தால் அந்தப் புண்ணில் அழுகல் ஏறும். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி, ஒன்றன்மேல் ஒன்று உராயும் குச்சி இவற்றை அடியோடு எடுத்துவிடுக. வேலை முடிந்ததும் செடி பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அன்றிரவு சகோதரிக்குத் தூக்கம் வராமற் போகலாம். மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது உணவு. ஆண்டுக்கு ஒரு செடிக்கு நன்கு மக்கிய எரு 10 கிலோ வேண்டும். கவாத்து முடிந்ததும் தூரைச் சுற்றி லேசாகக் கொத்திவிட்டுப் பாதியும், ஆனி, ஆடியில் மறுபாதியும் போட்டு, உடனே தண்ணீர் விடலாம். எருவுக்கு எங்கே போவது என்று கேட்கக்கூடாது. குப்பையைப் பற்றி அரியமங்கலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி நகரத்தின் குப்பையெல்லாம் பல ஆண்டுகள் வந்து குவிந்தது அவ்வூரில்தானே? 40 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்தக் கிடங்கு கோடையில் தீப்பற்றி, புகை வீடுகளுக்குள் புகுந்ததை அனுபவித்தவர்கள் அவர்கள். வாழைப்பழத்தோல், காய்கறிக் கழிவு, சாமிக்குச் சாத்திக் களைந்த பூ, இவை கிடங்குக்குப் போனால் நாற்றம். கொல்லையில் தங்கினால் எரு.

அடியில் துளையிட்ட பழைய மண் தொட்டி ஒன்று போதும். சருகு ஒரு படை, அடுப்பங்கரைக் கழிவு ஒரு படை, மேலே சாணிக் கரைசல் ஒரு கை தெளித்து மூடி வைத்து, வாரம் ஒரு முறை கிளறிவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று உதிரும். மக்காத கழிவை மட்டும் அவசரப்பட்டுத் தூரில் கொட்டிவிடக்கூடாது. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து இப்படியொரு எரு முறையை வகுத்தார். காந்தியடிகள் அதை 1935-ல் 'ஹரிஜன்' பத்திரிகையில் எடுத்துச் சொன்னார். நம் குடியானவர்களையே தமக்கு ஆசிரியர்கள் என்று கூறிய வெள்ளைக்காரர் அவர். நாம்தான் கடையில் பளபளக்கும் பையைத் தேடுகிறோம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். நாளில் பாதியாவது வெயில் படவேண்டும். தூரில் நீர் தேங்கக்கூடாது; தேங்கினால் வேர் அழுகும். நரம்பு பச்சையாயிருக்க இளம் இலை வெளிறினால், அது இரும்புச் சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் மாறும். மொட்டில் துளை தெரிந்தால் புழு உள்ளே இருக்கிறது. அத்தகைய மொட்டுக்களைப் பொறுக்கி அழித்துவிட்டு, வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும்.

மார்கழியில் வெட்டிய செடி மாசி, பங்குனியில் அரும்பெடுக்கும். அரும்பைச் சூரியன் கிளம்புமுன் பறித்துத் தொடுத்து வைத்தால், மாலை விளக்கேற்றும் வேளைக்கு மலர்ந்து வீடெங்கும் மணக்கும்.

இன்னொன்று. குண்டு மல்லி நம் பக்கத்தில் விதையிலிருந்து வருவதில்லை, கொம்பிலிருந்தே வருகிறது. மாமியாரும் எந்த வீட்டிலிருந்தோ ஒரு குச்சி வாங்கி வந்துதான் நட்டிருப்பார். ஆகவே வெட்டியதையெல்லாம் தெருவில் எறிந்துவிட வேண்டாம். இளமுற்றலான கொம்பில் ஐந்தாறு அங்குலத் துண்டுகளாகப் பத்து எடுத்து, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைக்கட்டும். குளிர்காலமாதலால் எல்லாம் வேர் விடா. இரண்டு மூன்று விட்டாலும் போதும். நாத்தனார் வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம்.