தொழிற்பயிற்சியோடு பொதுக்கல்வியும் வேண்டும்

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அதே ஊரில்தான் இருக்கிறது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே ஏ9 வீதியில் பஸ்ஸால் இறங்குகிறார்கள். ஆனால், பயிற்சிக்கூடத்திலிருந்து பட்டப்படிப்புக்குப் போகும் வழி இன்னும் ஒடுங்கியே கிடக்கிறது.

சட்டத்தில் வழி உண்டு. தேசிய தொழிற்தகைமையில் 7 நிலைகள்: நான்குவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இதற்கென்றே 2008இல் சட்டமியற்றி ஒரு பல்கலைக்கழகமும் அமைத்தார்கள். ஆனால், நான்காம் நிலையைத் தாண்டும் இடத்தில் ஆங்கிலமும் கணிதமும் குறுக்கே நிற்கின்றன. கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளை அங்கேதான் நின்றுவிடுகிறது.

மேற்படிப்பு வேண்டாம் என்பவருக்கும் இந்தக் குறை இடிக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் கராஜ் போட ஓர் இலட்சம் ரூபாய் கடன் எடுக்கிறார் என்று வைப்போம். தாளில் 24 வீத வட்டி. 12 மாதத் தவணை, மாதம் 10,333 ரூபாய். கட்டக் கட்ட முதல் குறைகிறது. வட்டியோ கடைசி மாதம்வரை முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி 40 வீதத்துக்கும் மேல். நுண்கடனில் வன்னிப் பெண்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. 2018இல் அரசே கடன் தள்ளுபடிக்கு இறங்க வேண்டி வந்தது.

‘உழைக்க வேண்டிய பிள்ளையைத் திரும்பவும் வகுப்பில் இருத்துவதா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயம். அந்த நாட்சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆகவே பயிற்சிக்காலத்தை நீட்டாமல், கிழமையில் இரண்டு அரைநாளைப் பொதுப்பாடங்களுக்கு ஒதுக்கலாம். 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தில், தொழிற்பாடங்களுக்கு முன் மொழி, ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம், குடியியல் என்று பொதுப்பாடங்களை அரசே வைத்திருக்கிறது. பாடசாலையை விட்டு விலகியவர்களுக்கு மட்டும் அது ஏன் இல்லை?

அவர்களில் பலர் தாமாக விலகவில்லை. 2008, 2009இல் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குள் இருந்து படித்த பிள்ளைகள் இன்று குடும்பக்காரர். தவறிப்போன அந்தப் படிப்பு அவர்களுக்கு நாம் தரவேண்டிய கடன்.

அமெரிக்காவில் 1901இல் ஜோலியற் நகரில் தொடங்கிய சமூகக் கல்லூரி முறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கே முதல் வருடத்தில் படிக்கும் எழுத்து, கணிதம், வரலாறு போன்ற பாடங்களைப் பின்னர் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுக்கின்றன. படித்தது வீண்போகாது என்று தெரிந்தால்தான் ஆட்கள் வருவார்கள்.

நாம் கேட்பது இவைதான். தமிழில் பிழையற எழுதுதல், ஆங்கிலம், பேச்சுச் சிங்களம், கணக்கு, குடியுரிமையும் சட்டமும் ஆகிய ஐந்து பாடங்களும் வன்னியின் எல்லாத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் நடக்க வேண்டும். வயது எல்லை கூடாது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுத்து, பரீட்சை வைத்து, அந்தப் புள்ளிகளை மேற்படிப்புக்கு ஏற்க வேண்டும். புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் நெடுங்கேணியிலும் மாலை வகுப்புகள் வேண்டும்.

கட்டடங்கள் இருக்கின்றன, அருகிலேயே பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. கடன் தாளில் கையெழுத்து வைக்குமுன் அதை வாசித்துக் கணக்குப் போடத் தெரிந்தவராக நம் பிள்ளைகளை அனுப்ப, இனி வேண்டியது ஒரு தீர்மானம்தான்.