கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது?

தோழர்களே, கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் ஒரு பூங்காவுக்கு அடியில் கழிவுநீர் ஆலை ஓடுகிறது. 14 லட்சம் பேரின் கழிவைத் தாங்கும்படி கட்டியது. இப்படிப்பட்ட ஆலைக்கு வரும் தண்ணீரில் துணி, பிளாஸ்டிக் எல்லாம் முதலில் கம்பி வலையில் சிக்கிவிடும். மணல் அடியில் தங்கும். பிறகு பெரிய தொட்டியில் இரவு பகலாகக் காற்றை ஊதுவார்கள். யாருக்குக் காற்று? கிருமிகளுக்கு! அழுக்கைத் தின்று தீர்ப்பது அவைதான். அடுத்த தொட்டியில் அவை சேறாக அடியில் இறங்கும், தெளிந்த நீர் வெளியே போகும்.

லயத்துக்குப் பின்னால் உள்ள செப்டிக் டேங்கிலும் கிருமிதான் வேலைக்காரன். காற்றில்லாமல் பிழைக்கும் ஜாதி, அவ்வளவுதான். மீந்த களைக்கொல்லியையும் குளோரோக்ஸையும் வாளி வாளியாக ஊற்றினால் அது பிழைக்குமா? மருந்து பம்பு கழுவிய தண்ணீரும் அங்கே போகக் கூடாது. இது நம்ம தப்பு.

சேற்றை எடுக்காமல் விடுவது நிர்வாகத்தின் தப்பு. தொட்டி நிறைந்தால் மலம் அப்படியே கால்வாய்க்கு வரும். பிள்ளைகள் கால் வைப்பதும் அதிலேதான். வயிற்றுப்போக்கு, பூச்சி என்று வந்தால் மட்டும் "பிள்ளையைக் கவனிக்கலே" என்று தாயைத் திட்டுகிறோம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது லாரி வந்து உறிஞ்ச வேண்டும். உங்கள் தொட்டியைக் கடைசியாக எப்போது எடுத்தார்கள்? கிராணியிடம் தேதி கேளுங்கள். பதில் வராவிட்டால் தோட்டக் கமிட்டியில் எழுதிக் கொடுங்கள்.