பூதக்கண்ணாடி: பொய்க்கால் ஈக்குப் பேர் வைக்கிறது யாரு?

ஸ்ரீரங்கம் பட்டர்ஃப்ளை பார்க்குக்குப் போகாத திருச்சி காலேஜ் மக்கள் உண்டா? மேலூர்ல, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல 2015-ல் திறந்த பூங்கா. போறோம், பட்டாம்பூச்சியை க்ளிக் பண்றோம், அப்புறம் பட்டாம்பூச்சியை விட்டுட்டு ஃப்ரெண்டை க்ளிக் பண்றோம், கிளம்பி வந்துடறோம். நல்லது. இந்த வாரம் நம்ம ஹீரோவுக்கு பூங்கா எல்லாம் கிடையாது பாஸ். அவர் அட்ரஸ்... அழுகிப்போன செடி, கொடி, கிழங்கு!

'மைக்ரோபெசிடே'ன்னு ஒரு ஈக் குடும்பம். உடம்பு குச்சி மாதிரி. நடுக்காலும் பின்னங்காலும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். பக்கத்துல தஞ்சாவூர்ல பொய்க்கால் குதிரை ஆட்டம் பார்த்திருப்பீங்களே, மரக்கால்ல ஏறி நின்னு ஆடறது... அதே கெத்து! அதனால நான் இதை 'பொய்க்கால் ஈ'ன்னுதான் கூப்பிடப் போறேன்.

முன்னங்கால் ரெண்டு மட்டும் குட்டை. பல இனங்கள்ல அந்தக் கால் நுனி சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெள்ளையா இருக்கும். நடக்கறதுக்கு நாலு கால் போதும். இந்த ரெண்டையும் முகத்துக்கு முன்னாடி தூக்கி ஆட்டிக்கிட்டே இருக்கும். பார்க்கறதுக்கு ஒரு குளவி தன்னோட உணர்கொம்பை ஆட்டற மாதிரியே தெரியும். கொட்டவே தெரியாத பூச்சி, கொட்டற பூச்சி மாதிரி சீன் போடுது. வைவா அன்னிக்கு தடி புக்கைக் கையில வெச்சுக்கிட்டு நாம நிக்கறதில்லையா?

உலகம் முழுக்க இதுல 500 இனங்களுக்கு மேல பேர் வெச்சிருக்காங்க. பெரும்பாலும் வெப்பமண்டலம்தான். ஆஸ்திரேலியாவுல 1990-ல் விவரிச்ச ஓர் இனத்துக்கு இறக்கையே கிடையாது, அச்சு அசல் எறும்பு. அதோட புழு வளர்றது பூச்சி தின்னும் குடுவைச் செடிக்குள்ள! மத்த பூச்சி எல்லாம் விழுந்து செரிச்சுப் போற தண்ணியில இது ஜாலியா குடித்தனம் நடத்துது.

சரி, புதுசா ஒரு பொய்க்கால் ஈ மாட்டுதுன்னு வைங்க. கண்டுபிடிச்சாச்சுன்னு ட்ரீட் கேட்டுடாதீங்க. பிடிக்கிறது ஒரு மத்தியான வேலை. அது புதுசுதான்னு நிரூபிக்கறதுக்குத்தான் டப்பா டான்ஸ் ஆடும். ஏற்கெனவே பேர் வெச்ச சொந்தக்காரங்க எல்லாரோடவும் ஒப்பிடணும். அதுல பல பேரைப் பத்தி எழுதினது லத்தீன், ஜெர்மன், ஃப்ரெஞ்சுல, நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி. அசல் பூச்சிகளோ எந்தெந்த நாட்டு மியூசியத்திலயோ டிராயருக்குள்ள தூங்குது. நம்ம நாட்டுக்கு கொல்கத்தாவுல இருக்கற இந்திய விலங்கியல் ஆய்வகம், 1916-ல் ஆரம்பிச்சது. இறக்கை நரம்பு எப்படிப் போகுது, எந்த இடத்துல எத்தனை முடி, கால்ல எத்தனை பட்டைன்னு மைக்ராஸ்கோப்ல கணக்கெடுக்கணும். வெளியில ட்வின்ஸ் மாதிரி இருக்கற ரெண்டு ஈயைப் பிரிக்க கடைசியில ஆண் ஈயோட இனப்பெருக்க உறுப்பைத்தான் பார்ப்பாங்க. இப்போ டி.என்.ஏ-வும் துணைக்கு வந்திருக்கு.

அதுக்கப்புறம் ஒரே ஒரு ஈயைத் தேர்ந்தெடுத்து 'இதுதான் மூல மாதிரி'ன்னு ஊசியில குத்தி, லேபிள் ஒட்டி, மியூசியத்துல வெச்சுடணும். பாரிஸ் பக்கத்துல பூட்டி வெச்சிருந்த கிலோ கட்டி ஞாபகம் வருதா? 2019 வரைக்கும் உலகத்துக்கே ஒரு கிலோன்னா அந்தக் கட்டிதான். அந்த மாதிரி இந்த ஒத்தை ஈ அந்த இனத்துக்கே ஸ்டாண்டர்டு. பிறகு ஆய்விதழ்ல விவரிப்பு அச்சாகணும். அப்பதான் பேர் செல்லும்.

இதுக்கெல்லாம் எவ்வளவு நாள் ஆகும்? 2012-ல் வந்த ஓர் ஆய்வு, முதல்ல பிடிச்ச நாள்லேர்ந்து பேர் கிடைக்கிற வரைக்கும் சராசரி 21 வருஷம்னு சொல்லுது. நீங்க பொறந்தப்போ பிடிச்ச பூச்சிக்கு இப்பதான் பெயர் சூட்டு விழா! ஆஸ்திரேலியாவுல தங்க நிறப் பின்பக்கம் உள்ள ஒரு குதிரை ஈ 1981-ல் மாட்டுச்சு. 2011-ல்தான் பேர் வெச்சாங்க. என்ன பேர்? பாடகி பியான்ஸே பேர்! அவங்க பொறந்த வருஷமும் 1981.

"ஈக்குப் பேர் இல்லைன்னா யாருடா அழப்போறா?"ன்னு எங்க கேன்டீன் கோஷ்டியில ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் இஞ்சியில இருக்கு.

இஞ்சி, மஞ்சள் போடற விவசாயிங்களுக்கு 'கிழங்கு ஈ'ன்னா தெரியும். அதுவும் பொய்க்கால் குடும்பம்தான். மிமெக்ரல்லா சீருலிஃப்ரான்ஸ், பின்பாதிக்கு 'நீல நெத்தி'ன்னு அர்த்தம். அழுகின கிழங்கைத் தோண்டினா உள்ளே இதோட புழு நெளியும். கையும் களவுமா மாட்டின திருடன் மாதிரி! அழுக வெச்சதே இதுதான்னு கேஸ் எழுதி, பூச்சிமருந்து தெளிச்சாங்க. கேரளாவுல உட்கார்ந்து ஆராய்ஞ்சப்போ கதை மாறிச்சு. இந்தப் புழு பெரும்பாலும் ஏற்கெனவே நோய் பிடிச்ச கிழங்கைத் தேடித்தான் வருது. அழுகலை ஆரம்பிச்சு வைக்கிறது மண்ணுல இருக்கற பித்தியம், பாக்டீரியா மாதிரி ஆளுங்க. ஈக்கு அடிக்கிற மருந்து பித்தியத்தை என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. காசு போகும், கிழங்கும் போகும்.

நம்ம ஊர் வாழையிலும் இந்த ஆள்மாறாட்டம் நடக்க வாய்ப்பு உண்டு. தார் வெட்டிச் சாய்ச்ச மரம் அழுகினா, பொய்க்கால் ஈயோட பங்காளியான 'வாழைத்தண்டு ஈ' குடும்பம் முட்டை வைக்க வரும். அது குப்பை அள்ற பார்ட்டி. பச்சை மரத்தையே துளைச்சுச் சாய்க்கிற நிஜ வில்லன் தண்டுக் கூன்வண்டு. 1993-லிருந்து திருச்சியில இருக்கற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு இந்த வில்லன் ரொம்பப் பழக்கம். தண்டைப் பிளந்தா அடையாளம் சுலபம்: பழுப்புத் தலை தெரிஞ்சா கூன்வண்டுப் புழு, தலையே தெரியலைன்னா ஈப் புழு. இந்த ஒரு வரியை எழுத ஒருத்தர் எத்தனை புழுவைப் பார்த்திருக்கணும்!

2023-ல் மேகமலையில ஒரு புது பட்டாம்பூச்சியை விவரிச்சாங்க, தேனி 'வனம்' அமைப்புக்காரங்க. பேர் சிகாரிட்டிஸ் மேகமலையென்சிஸ். 'என்சிஸ்'னா அந்த ஊர்க்காரர்னு அர்த்தம். பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, சந்தோஷம். பட்டாம்பூச்சிக்குக் கிடைக்கிற மரியாதை ஈக்குக் கிடைக்காதுங்கறது எனக்கு வருத்தம்தான். முக்கொம்பு ரோட்டுத் தோட்டத்துல ஒரு 'ஸ்ரீரங்கமென்சிஸ்' காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, குனிஞ்சு பார்க்க ஆள் வேணுமே. தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. முகம், இறக்கை, கால் மூணும் தெளிவா விழற மாதிரி படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்ல போடுங்க.

ஒரு கண்டிஷன். நீங்களே விவரிச்ச ஈக்கு உங்க பேரையே வெச்சுக்கறது மரியாதை இல்லை. ஃப்ரெண்ட் பேரை வைக்கலாம். என்ன... அழுகின வாழைமரத்துல கிடைச்சதுன்னு அவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க!