பஸ் நிற்கிற ஓட்டலும் பாட்டி கடையும்



தூரத்து ஊருக்குப் போகிற பஸ் ராத்திரியில் ஏதாவது ஒரு ஓட்டலில் நிற்கும். அது நாம தேடிப் போற ஓட்டல் இல்லை. பக்கத்தில் வேறு கடையும் இருக்காது. ஆறிப்போன தோசை, தண்ணி சாம்பார். விலையைக் கேட்டா பசியே போயிடும்! பிஸ்கட் பாக்கெட்டுக்குக்கூட அதில் போட்டிருக்கிறதைவிட அதிகமா வாங்குறாங்க. அச்சடித்த விலைக்கு மேல் கடையில் விற்கக் கூடாது என்று 2011-ம் வருட விதியே இருக்கிறது.

ஏன் இப்படி? அங்கே சாப்பிட்டவர் திட்டினாலும் கடைக்கு நஷ்டம் இல்லை. நாளைக்கு வேறு பஸ், வேறு ஆளுங்க. எங்க தெரு இட்லிக் கடைப் பாட்டியால் அப்படி இருக்க முடியுமா? ஒரு நாள் மாவு புளிச்சா மறுநாள் காலையில் தெருவே கேட்கும். போர்டுகூட கிடையாது, ஆனா எட்டு மணிக்கு மேல போனா இட்லி காலி. (சட்னிதான் இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்!)

பஸ் நிற்கிற ஓட்டல்களில் விலைப்பட்டியலை வாசலிலேயே பெரிசா எழுதி மாட்டணும். உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இறங்கும்போதே தெரிஞ்சா, உள்ளே போறதா, கட்டுச்சோத்தைப் பிரிக்கிறதான்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம்.

– 9-ம் வகுப்பு மாணவி