பூனைக்கு மீசை எதற்கு?

குன்றத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: 'கணவருக்கு ஒரகடம் கம்பெனியில் ஷிப்டு வேலை. வீட்டில் நானும் மாமியாரும் ஐந்து வயதுப் பையனும்தான். எலித் தொல்லைக்காகப் பூனை வளர்க்கிறோம். போன வாரம் பையன் கத்தரிக்கோலை எடுத்து, "அப்பா மாதிரி ஷேவ் பண்றேன்" என்று பூனையின் மீசையை ஒரு பக்கம் முழுக்க வெட்டிவிட்டான். அதுவும் அவன் கையைப் பிராண்டிவிட்டது. அன்றிலிருந்து ஜன்னல் கம்பிக்குள் நுழையத் தயங்குகிறது. ராத்திரியில் பாத்திரத்தில் மோதுகிறது. "வாயில்லா ஜீவன், பாவம் சும்மா விடாது" என்கிறார் மாமியார். மீசை திரும்ப முளைக்குமா?'

முளைக்கும், கவலை வேண்டாம். ஆனால் முதலில் பையனின் கையைப் பார்ப்போம். நாயால் மட்டும்தான் வெறிநோய் வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பூனையாலும் வரும். பிராண்டினாலும் கடித்தாலும் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டி, ஊசி போடச் சொன்னால் ஒரு தவணையும் விடாமல் போட்டுவிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். இன்றே போங்கள்.

இனி மீசைக்கு வருவோம். 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்று மனிதர்களைக் கேலி செய்கிறோம். பூனையிடம் அந்தக் கேலி செல்லாது. அதற்கு மீசை இருந்தால்தான் கூழே!

பூனையின் மேலுதட்டில் பக்கத்துக்குப் பன்னிரண்டு வீதம், நாலு வரிசையாக மீசை முடிகள் இருக்கும். கண்ணுக்கு மேலேயும் தாடையிலும் சில உண்டு. முன்னங்கால்களின் பின்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே தடவிப் பாருங்கள். அங்கேயும் இருக்கும்!

பார்க்க முடிதான். ஆனால் இதன் வேர் மற்ற முடிகளைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் இருக்கிறது. வேரைச் சுற்றி ரத்தம் நிறைந்த ஒரு குட்டிப் பை. அதில் ஏராளமான நரம்பு நுனிகள். கண் தெரியாதவர் கையில் இருக்கும் தடிக்கு உணர்ச்சி உண்டா? இல்லை. ஆனால் தடியின் நுனி கல்லில் தட்டினால் கைக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? அதே மாதிரிதான். மீசை தடி, வேர் கை. அதனால் வெட்டினால் நகத்தை வெட்டுவது போல, வலிக்காது. பிடித்து இழுத்தால் மட்டும் உயிர் போகிற வலி!

இந்தத் தடியால் பூனைக்கு என்ன உபயோகம்? முதலாவது, அளவு பார்ப்பது. இரண்டு பக்க மீசையும் விரிந்து நிற்கும் அகலம் ஏறக்குறைய அதன் உடம்பின் அகலம். மீசை இடிக்காமல் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்று அதற்குத் தெரியும். கேட்டின் சந்தில் புகுந்து ஓடும்போது அது எடுக்கிற அளவு இதுதான்.

இரண்டாவது, கிட்டப் பார்ப்பது. மங்கிய வெளிச்சத்தில் பூனைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கும்மிருட்டில் அதற்கும் தெரியாது. பகலில்கூட மூக்குக்கு முன்னால் ஒரு அடிக்குள் இருப்பது அதன் கண்ணுக்குத் தெளிவாக இராது. எலி வாயருகே வந்ததும் மீசை முன்பக்கமாக வளைந்து, எலியை வலை மாதிரி சூழ்ந்துகொள்ளும். கழுத்து எங்கே, வால் எங்கே என்று சொல்வது மீசைதான்.

எலியும் லேசுப்பட்டதல்ல. அதுவும் நொடிக்கு எட்டுப் பத்துத் தடவை மீசையை ஆட்டிச் சுவரைத் தடவிக்கொண்டே ஓடுகிறது. ராத்திரி அரிசி மூட்டைக்குப் பின்னால் நடப்பது மீசைக்கும் மீசைக்கும் போட்டி!

மூன்றாவது, காற்றறிவது. நாற்காலி, அண்டா என்று எதிலாவது பட்டுத் திரும்புகிற லேசான காற்றசைவுகூட வேருக்குத் தெரியும். அதனால்தான் இருட்டில் மோதாமல் நடக்கிறது. கண்ணுக்கு மேலிருக்கும் முடியில் ஏதாவது பட்டால் இமை உடனே மூடிக்கொள்ளும். மீசையைப் பார்த்து மனசையும் படிக்கலாம். பயந்தால் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேட்டை என்றால் முன்னே விறைக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் சமயம் குழந்தையைக் கிட்டே விடாதீர்கள்.

ஆகவே சகோதரி, உங்கள் பூனை இப்போது தடியைப் பறிகொடுத்த மாதிரி நிற்கிறது. சில வாரங்களில் முளைக்கத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் பழைய நீளம் வந்துவிடும். அதுவரை ராத்திரியில் வெளியே விடாதீர்கள். ரோட்டில் லாரி, கொல்லையில் கிணறு என்று எத்தனையோ இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டையும் சாமான்களையும் இடம் மாற்றாதீர்கள். சமமாக இருக்கட்டும் என்று மறுபக்க மீசையை வெட்டிவிடாதீர்கள்!

ஒன்றிரண்டு மீசை தானாக உதிர்வது சகஜம். கொத்தாக உதிர்ந்து, தோலில் வட்டமாகச் சொட்டை விழுந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் ஒட்டும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

பிள்ளையை அடித்துப் பயனில்லை. மாமியார் சொல்லும் பாவத்தை அவனுக்குப் புரிய வைக்க ஒரு வழி உண்டு. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை எடுத்து விரலிடுக்கில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தொடச் சொல்லுங்கள். குச்சி நுனி பட்டதும், "அம்மா, எனக்குத் தெரியுது!" என்பான். 'பூனைக்கும் இப்படித்தாண்டா கண்ணு' என்று சொல்லுங்கள். அப்புறம் கத்தரிக்கோலை நீங்கள் ஒளித்து வைக்கவே வேண்டாம்.

ஆனாலும் பரணில் வைத்துவிடுவது நல்லது!